ஞானப்பல் எடுத்த பிறகு ஹோமியோ மருந்து மட்டும் போதுமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்குக் கீழ்த்தாடையில் ஞானப்பல் படுத்துக் கிடக்கிறது. ஈறைக் கீறி, எலும்பையும் கொஞ்சம் ராவித்தான் எடுக்க வேண்டும் என்று பல் டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், பீடி பழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் எல்லோருமே சின்ன வயதிலிருந்து ஹோமியோதான். அர்னிகா 200, ஹைப்பெரிக்கம் 200 இரண்டும் வாங்கி வைத்திருக்கிறோம். இவை இருக்கும்போது ஆன்டிபயாட்டிக்கும் வலி மாத்திரையும் தேவையா? மாமிக்கும் ஒரு பல் எடுக்க வேண்டியிருக்கிறது. அவர் இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் இதையே கொடுக்கலாமா?
– தக்கலை பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் வீட்டுக்காரர் ஆசைப்பட்டால் அந்த 200 உருண்டைகளைச் சாப்பிடட்டும். அதனால் கெடுதல் வராது. ஆனால் பல் டாக்டர் எழுதித் தரும் மருந்துக்குப் பதிலாக வேண்டாம். மாமியின் கதை வேறு. அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

நம் குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். குலசேகரத்தில் ஹோமியோ மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் நோயாளிச் சீட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். இரண்டையும் சாப்பிடுகிறார்களே என்று எனக்குக் கோபம் கிடையாது. பல் டாக்டர் திட்டுவார் என்று பயந்து மறைக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குக் கவலை. என்னென்ன மருந்து உள்ளே போகிறது என்று தெரியாமல் கீறுவதும் தைப்பதும் நல்லதில்லை. வாங்கி வைத்திருக்கும் டப்பாக்களை அப்படியே பையில் போட்டுக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

உருண்டையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். ஹோமியோபதியைத் தொடங்கிய ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் வகுத்த முறைப்படி, மூலச்சாறு ஒரு பங்கு, கரைப்பான் 99 பங்கு என்று கலந்து குலுக்குவார்கள். அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கோடு கலப்பார்கள். பாட்டிலில் 200 என்று போட்டிருந்தால் இப்படி 200 தடவை. பன்னிரண்டாவது தடவையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதே சந்தேகம் என்பது வேதியியல் கணக்கு. அதனால்தான் கெடுதல் வராது என்று துணிந்து சொல்கிறேன். அதே காரணத்தால் வீக்கத்தையும் வலியையும் அது இறக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கணக்கை விடுங்கள், ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறார்கள், அதுவும் ஞானப்பல்லிலேயே. நார்வேயில் செய்த ஓர் ஆய்வு 1995-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இரண்டு பக்கமும் ஞானப்பல் புதைந்திருந்த 24 பேர். ஒரு பக்கப் பல்லை எடுத்தபோது ஹோமியோ மருந்து, மறுபக்கத்தை எடுத்தபோது மருந்தில்லாத வெற்று மாத்திரை. எது எப்போது என்பது சாப்பிட்டவருக்குத் தெரியாது. ஒரே ஆள், ஒரே வாய், ஒரே மாதிரி அறுவை. இதைவிட நியாயமாக ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. வலி, வீக்கம், வாய் திறக்கும் அளவு எல்லாவற்றையும் அளந்தார்கள். ஹோமியோவுக்குச் சாதகமாக எதுவும் கிடைக்கவில்லை. 2015-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் இருக்கிற ஆய்வுகளை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, எந்த நோய்க்கும் ஹோமியோ பலன் தருவதாக நம்பகமான சான்று இல்லை என்றுதான் சொன்னது.

பின்னே, ‘அர்னிகா போட்டதும் வீக்கம் வடிந்தது’ என்று இத்தனை பேர் சொல்கிறார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை. பல் எடுத்த பிறகு வீக்கம் உடனே உச்சத்துக்குப் போகாது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் கன்னம் நன்றாக உப்பும். அதற்கப்புறம் தானே வடியும். கண்ணாடியில் முகத்தைப் பார்த்துப் பயந்து மூன்றாம் நாள் எந்த மருந்தைத் தொடங்கினாலும், நான்காம் நாள் அந்த மருந்துக்குப் பெயர் கிடைக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பாட்டிலில் 30, 200 என்று இல்லாமல் ‘க்யூ’ (Q) என்ற எழுத்து போட்டிருந்தால் அது தாய்த் திரவம். நீர்க்காத செறிவான மூலிகைச் சாறு, அதுவும் ஆல்கஹாலில். அர்னிகா தாய்த் திரவத்தை உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது, அது நஞ்சு. திறந்த புண்ணிலும் படக் கூடாது. பல் எடுத்த குழி திறந்த புண்தான். காலெண்டுலா தாய்த் திரவத்தைத் தண்ணீரில் விட்டு வாய் கொப்பளிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. பல் எடுத்தவர்களுக்கு நம் பக்கம் அதிகம் எழுதும் மாத்திரைகளில் ஒன்று மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக். அதைச் சாப்பிடும் நாட்களில் ஆல்கஹால் எந்த வடிவத்திலும் வேண்டாம் என்பது அந்த மருந்தின் எச்சரிக்கை. வாந்தியும் தலைவலியும் படபடப்பும் வரலாம். கொப்பளிக்க உப்புத் தண்ணீர் போதும்.

உண்மையில் புண்ணை ஆற்றுவது பல் இருந்த குழியில் உறையும் ரத்தம். பால்வெட்டுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். வெட்டின தடத்தில் ஒட்டுப்பால் படிந்ததும் கசிவு நிற்கிறது. மறுநாள் அதை உரித்து மறுபடி வெட்டினால்தான் பால் வடிகிறது. குழியில் நிற்கும் உறைவும் அப்படித்தான். அதை உரிக்காமல், உறிஞ்சாமல், துப்பி வெளியேற்றாமல் முதல் சில நாட்கள் காப்பாற்றிவிட்டால் அதன் அடியிலிருந்து புதுச் சதை வளர்ந்து குழி மூடும்.

டாக்டர் வைத்துவிடும் பஞ்சை முக்கால் மணி நேரமாவது இறுகக் கடித்திருக்கட்டும். ரத்தம் நின்றுவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கக் கூடாது. எச்சிலைத் துப்பாமல் விழுங்கிவிட வேண்டும். எச்சிலில் கொஞ்சம் சிவப்பு கலந்து வருவது முதல் நாள் சகஜம். வீட்டுக்கு வந்த பிறகு ரத்தம் மறுபடி கசிந்தால் சுத்தமான துணியை மடித்துக் குழியின் மேல் வைத்து அரை மணி நேரம் கடிக்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் கன்னத்துக்கு வெளியே, துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிஷம் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கலாம். இரவில் இரண்டு தலையணை. கொப்பளிப்பது 24 மணி நேரம் கழித்து: ஒரு டம்ளர் இளஞ்சூடான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, வாயில் நிறைத்துத் தலையைச் சாய்த்து மெதுவாகப் புரட்டி, தானாக வழிந்து விழும்படி விட வேண்டும். சாப்பிட்ட பிறகெல்லாம் இப்படிச் செய்யலாம்.

சாப்பாட்டுக்கு நம் ஊரில் குறைவில்லை. ஆறின பயறுக் கஞ்சி, தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், மட்டிப்பழம், நன்றாக வெந்து குழைந்த மரச்சீனி, முள் எடுத்த மீன் எல்லாம் சரி. புட்டும் நேந்திரங்காய் வறுவலும் ஒரு வாரத்துக்கு வேண்டாம். துகள் குழிக்குள் போய் உட்கார்ந்துவிடும். இளநீர் நல்லது, ஆனால் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாமல் டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். உறிஞ்சும்போது உறைவு பெயர்ந்துவிடும்.

பீடி இரண்டு வகையில் கெடுக்கும். இழுக்கும்போது அதே உறிஞ்சல். அப்புறம் புகையிலை ஈறுக்குப் போகும் ரத்த ஓட்டத்தையே சுருக்கிவிடும். குறைந்தது ஐந்து நாளாவது நிறுத்தியாக வேண்டும். இந்தக் கடிதத்தில் எனக்கு அதிகம் பயம் தந்தது உங்கள் அர்னிகா இல்லை, அந்தப் பீடிதான்.

உறைவு பெயர்ந்துபோனால் வருவதை டிரை சாக்கெட் என்போம். கீழ் ஞானப்பல்லில்தான் இது அதிகம். முதல் நாள் வலி குறைந்து வந்து, இரண்டாம் மூன்றாம் நாள் திடீரென்று கூடும். காது வரை தெறிக்கும், வாய் நாறும், குழிக்குள் பார்த்தால் எலும்பு வெளுப்பாகத் தெரியும். இதற்கு எந்த உருண்டையும் கேட்காது. டாக்டரிடம் போனால் குழியைக் கழுவி யூஜினால் கலந்த மருந்துத் திரியை வைப்பார். பெரும்பாலும் சீக்கிரமே வலி இறங்கிவிடும். அந்த யூஜினால் கிராம்பு எண்ணெயின் சத்துதான். நம் மாறாமலையிலும் கரும்பாறையிலும் விளைகிற, 2021-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கிராம்பு. சில வீடுகளில், கிராம்பும் புதினாவும் காப்பியும் ஹோமியோ மருந்தை முறித்துவிடும் என்று சொல்லி இந்தத் திரியை வைக்க விடமாட்டேன் என்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், வலியில் துடிப்பது அவர்தான். அதற்காக வீட்டிலேயே கிராம்பு எண்ணெயைக் குழிக்குள் ஊற்றுவதும் தப்பு. செறிவான எண்ணெய் சதையைச் சுட்டுவிடும்.

வலி மாத்திரையை மரப்பு விடுவதற்கு முன்பே முதல் தடவை கொடுத்துவிடுங்கள். வலி ஏறிய பிறகு துரத்திப் பிடிப்பது கஷ்டம். ஞானப்பல் எடுத்த வலிக்கு இப்யூபுரூஃபன் 400 மில்லிகிராம், பாராசிட்டமால் 1000 மில்லிகிராமைவிட நன்றாகக் கேட்கிறது என்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்டது. குடல்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் மட்டும் முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. எல்லாப் பல்லுக்கும் அது தேவையில்லை, நம் நாட்டில் தேவைக்கு அதிகமாகவே எழுதுகிறோம். ‘எனக்கு எதற்காக எழுதுகிறீர்கள்?’ என்று அவர் டாக்டரிடமே கேட்கட்டும். காரணம் சொல்லி எழுதினால் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். அதை நிறுத்திவிட்டு உருண்டையை மாற்றிக்கொள்வது மட்டும் கூடாது.

ஹைப்பெரிக்கம் பற்றி ஒரு வார்த்தை. நரம்புக் காயத்துக்கு இதுதான் மருந்து என்று சொல்லிக் கொடுப்பார்கள். கீழ் ஞானப்பல்லின் வேருக்குப் பக்கத்திலேயே உதட்டுக்கும் நாக்குக்கும் போகும் நரம்புகள் ஓடுகின்றன. மரப்பு ஊசியின் வேகம் சில மணி நேரத்தில் போய்விடும். மறுநாள் காலையிலும் கீழுதடோ நாக்கோ மரத்தே இருந்தால், ஹைப்பெரிக்கம் பார்த்துக்கொள்ளும் என்று வாரக்கணக்கில் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் தானே சரியாகும், ஆனால் எந்த அளவு மரத்திருக்கிறது என்று ஆரம்பத்திலேயே குறித்துவைத்தால்தான் தேறுகிறதா இல்லையா என்று தெரியும்.

மூன்று நாள் கழித்தும் வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் கசிந்தாலோ அன்றைக்கே பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் வீக்கம் இறுகி, எச்சில்கூட விழுங்க முடியாமல், நாக்கு மேலே தள்ளி, மூச்சுக்குத் திணறினால் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்கவே கூடாது. இரவானாலும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சீழ் மூச்சுக்குழாயை நெருக்குகிற நிலை அது, மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். வேலைக்கு ஒரு வாரம் லீவு எடுக்கச் சொல்லுங்கள். குனிந்து வெட்டுவதும் பால் வாளி சுமப்பதும் முதல் நாட்களில் ரத்தத்தை மறுபடி வரவைக்கும்.

இனி மாமி. செயற்கை வால்வு வைத்தவருக்குப் பல் எடுக்கும்போது வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் போய் ஒட்டிக்கொள்ளலாம். அதைத் தடுக்கத்தான் பல் எடுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒரே தடவையாக ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறோம். வழக்கமாக அமாக்சிசிலின் 2 கிராம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு வேறு மருந்து. இந்த இடத்தில் ஹோமியோவை வைத்து ஈடுகட்டும் பேச்சுக்கே இடமில்லை. வால்வில் கிருமி தொற்றினால் உயிர் போகும்.

வார்ஃபரினை யார் சொன்னாலும் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். பல் எடுப்பதற்கு முன் 24 மணி நேரத்துக்குள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்யுங்கள். 4-க்குக் கீழே இருந்தால் பொதுவாக மாத்திரையை நிறுத்தாமலே பல்லை எடுத்து, குழியில் ரத்தம் நிறுத்தும் பஞ்சு வைத்துத் தைத்துவிடலாம். இருந்தாலும் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர் எழுதியதைப் பல் டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக் கசிவைக் கூட்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு மெட்ரோனிடசோல் எழுதி மிச்சம் இருந்தால் அதை மாமிக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது வார்ஃபரினின் வேகத்தைப் பலமாக ஏற்றிவிடும். ஹைப்பெரிக்கம் நேர் எதிர். 200 உருண்டையில் பிரச்சினை இல்லை. ஆனால் அதன் தாய்த் திரவமோ, அந்த மூலிகையின் கேப்சூலோ வார்ஃபரினை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றி, வால்வுக்கு வேண்டிய பாதுகாப்பைக் குறைத்துவிடும்.

மாமிக்கு நாள் குறிக்கும்போது திங்கள் அல்லது செவ்வாய் காலை முதல் ஆளாகக் கேட்டு வாங்குங்கள். ரத்தம் மறுபடி கசிந்தாலும் பகல் வெளிச்சத்தில், டாக்டர் கிளினிக்கில் இருக்கும்போதே போய்க் காட்டலாம்.