36 புள்ளிகளும் ஒரு குருகும்

கேள்வி: சாங்கி விமான நிலையத்தில் அம்மாவை வழியனுப்பியதைப் பற்றி நான் எழுதிய கவிதையை இரண்டு மாதம் கழித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். கூடவே ஒரு வரி: 'புள்ளிகளை எடுத்துவிட்டு அனுப்பவும்.' அந்த மூன்று வரிப் புள்ளிகள்தான் கவிதையே! மௌனத்தின் வலிமையை ஓர் ஆசிரியருக்கே நான் விளக்க வேண்டுமா? இலக்கியத்திலும் சரி, வாழ்க்கையிலும் சரி, சொல்லாமல் விடுவதுதானே உச்சம்?
- வாசகர் ஒருவர், ஈசூன்

பதில்: விளக்க வேண்டாம் ஐயா. ஆனால் எண்ணிப் பார்த்தேன். வரிக்கு 12 வீதம் மூன்று வரி, மொத்தம் 36 புள்ளி. ஓலையில் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குக்கூடப் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். திரையில் தட்டுகிற நமக்கு அந்தப் பயம் இல்லை, கை தாராளமாகிவிடுகிறது.

உங்கள் கவிதையின் நடுப்பகுதியை நினைத்துப் பாருங்கள். குடிநுழைவுச் சோதனை முடிந்து கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போன அம்மா கைப்பையைத் திறக்கிறார், மூடுகிறார், மறுபடியும் திறக்கிறார். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் நான் தாளைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த வரிக்குப் போக மனம் வரவில்லை. அப்புறம் போனால், 'மௌனம்' என்ற சொல் மூன்று தடவை, அதன் கீழே 36 புள்ளி. அந்தக் கைப்பை எவ்வளவோ சொல்லிக்கொண்டிருந்தது. நீங்கள் குறுக்கே வந்து, நூலகத்தில் மாட்டுவதுபோல் 'அமைதி காக்கவும்' என்று பலகை மாட்டிவிட்டீர்கள். வெட்டச் சொன்னது பலகையை மட்டும்தான்.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டு ஐந்தே வரி. கபிலர் பாடியது. தன்னோடு கூடியவன் கைவிட்டுவிடுவானோ என்று ஒரு பெண் தோழியிடம் புலம்புகிறாள். அன்றைக்கு அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல, 'குருகும் உண்டு' என்கிறாள். தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்து நின்ற ஒரு குருகு. சாட்சி இருக்கிறது, ஆனால் அதற்கு வாய் இல்லை. போதாக்குறைக்கு அதன் கண்ணெல்லாம் மீன்மேல். அவளுடைய கதி என்ன என்று கபிலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தனிமை, மௌனம், வலி எதுவும் பாட்டில் கிடையாது. பறவையின் காலுக்கு மட்டும் ஒரு முழு வரி செலவழித்திருக்கிறார். ஏன் கால்? என் ஊகம் இது: நிமிர்ந்து பார்த்தவள் அலகைச் சொல்லியிருப்பாள், தலை குனிந்திருந்தவளுக்குக் கால்தான் தெரிந்திருக்கும். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள், உரைகாரர் யாரும் எனக்குத் துணைக்கு வரமாட்டார்கள்.

உங்கள் கைப்பைதான் கபிலருடைய குருகு. அதை நம்பாமல் போனீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

பெரிய காவியத்திலும் இதே சங்கதிதான். 'மாசறு பொன்னே, வலம்புரி முத்தே' என்று கோவலன் அடுக்கிக்கொண்டே போகிறான். கண்ணகி என்ன பதில் சொன்னாள்? இளங்கோவடிகள் அவளுக்கு அங்கே ஒரு வரிகூடத் தரவில்லை. எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு அவன் வெட்கத்தோடு திரும்பி வரும்போது, சிரித்த முகத்தோடு 'சிலம்பு உள, கொண்ம்' (சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்) என்கிறாள். 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்ற குற்றச்சாட்டு கொலைக்களக் காதையில்தான் வருகிறது. அதுவும் அவனைச் சாப்பிட வைத்து, வெற்றிலை கொடுத்த பிறகு. இவ்வளவு குறைவாகப் பேசியவள் பாண்டியன் அவையில் 'தேரா மன்னா, செப்புவது உடையேன்' என்று தொடங்கும்போது அந்தச் 'செப்புவது' நம்மைத் தூக்கிப் போடுகிறது. முதல் காண்டத்திலிருந்தே அவள் வாயாடியாக இருந்திருந்தால் அதுவும் இன்னொரு வழக்காகப் போயிருக்கும்.

சரி, இலக்கியத்தில் உங்களுக்கும் எனக்கும் பெரிய தகராறு இல்லை. வாழ்க்கை என்றீர்களே, சண்டை அங்கேதான்.

தோ பாயோவில் ஒரு நண்பர் வீட்டுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். நாலறை வீடு. நண்பரின் அம்மா, அவருடைய பேரன், நாங்கள் இருவர். பாட்டி "சாப்ட்டியாய்யா?" என்றார். பையன் "யா" என்றான். அவ்வளவுதான். பாட்டி சோபாவின் ஒரு மூலையில், பையன் கைத்தொலைபேசியோடு மறு மூலையில். நண்பர் பெருமையாகச் சொன்னார்: "அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சே தேவையில்ல. பார்த்தாலே புரிஞ்சிக்குவாங்க." உடனே குறளும் வந்தது: 'கண்ணொடு கண்இணை நோக்கொக்கின் வாய்ச்சொற்கள் என்ன பயனும் இல.'

கிளம்பும்போது பாட்டிதான் மின்தூக்கி வரைக்கும் வந்தார். தாழ்வாரத்தில் நின்றபடி இருபது நிமிடம் பேசினார். முழங்கால் வலி, தேக்காவில் வெண்டைக்காய் விற்கிற விலை, கம்பத்தில், அதாவது பழைய கிராமத்து வீட்டில், இருந்தபோது வளர்த்த வாத்து, பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா கொடுத்தனுப்பும் குவே பலகாரம். மின்தூக்கி மூன்று தடவை வந்து போனது. அந்த அம்மாள் மௌனி இல்லை ஐயா. அவர் பேசுகிற மொழியில் திருப்பிப் பேச அந்த வீட்டில் ஆள் இல்லை. பேரன் நல்ல பையன். தமிழ்ப் பாடத்தில் தேர்ச்சியும் வாங்குகிறான். பாட்டியிடம் இரண்டாவது வாக்கியம் பேசத்தான் வரவில்லை. இதற்குப் போய் மௌனத்தின் அழகு என்று பெயர் வைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தக் குறள் (1100) குறிப்பறிதல் அதிகாரத்தில், காதலர்களைப் பற்றியது. அங்கே இரண்டு பேருக்கும் ஏற்கெனவே எல்லாம் தெரியும். கல்லால மரத்தடியில் நான்கு முனிவர்களுக்குக் குருவாக இருக்கும் சிவனை, அதாவது தட்சிணாமூர்த்தியை, பரஞ்சோதி முனிவர் 'சொல்லாமற் சொன்னவர்' என்கிறார். சொற்பொழிவுகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். எதிரே இருந்த நால்வரும் நான்மறை, ஆறங்கம் கற்ற 'கேள்வி வல்லார்கள்' என்று அதே பாட்டில் அதற்கு முன்பே சொல்லிவிடுகிறார். அதை மட்டும் விட்டுவிடுகிறோம். படிப்பும் பேச்சும் தீர்ந்த பிறகு வந்த மௌனம் அது. முதல் வகுப்பிலேயே அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் நால்வரும் எழுந்து போயிருப்பார்கள்.

என் கதையும் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு காப்பிக்கடையில், மேசை துடைக்கிற வயதானவரை ஒரு வாடிக்கையாளர் வாய்க்கு வந்தபடி ஏசினார். காரணம், தட்டு எடுக்கத் தாமதமாம். நான் பக்கத்து மேசை. தே ஓ கொசோங்கைக் கலக்கிக்கொண்டிருந்தேன். அதில் கலக்குவதற்கு ஒன்றுமில்லை, சர்க்கரையே போடாத தேநீர். அன்று நான் பேசாமல் இருந்ததற்கு எந்த ஆழமும் கிடையாது. வம்பு வேண்டாம் என்ற பயம், அவ்வளவுதான். கற்றும் அவைக்கு அஞ்சிச் சொல்லாதவர்கள் உயிரோடு இருந்தாலும் இல்லாதவர்களுக்குச் சமம் என்கிறார் வள்ளுவர் (730). அவர் சொன்ன அவை கற்றோர் அவை, காப்பிக்கடை அல்ல. இருந்தாலும் எனக்குச் சுடத்தான் செய்தது.

இப்போது உங்கள் இரண்டு மாதக் கணக்குக்கு வருகிறேன். பதில் சொல்லும் முறை நான்கு என்று மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் சொல்கிறார்: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. கேள்வி-பதில் பக்கம் நடத்துகிறவர்கள் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய பட்டியல். நான்காவது, பேசாமல் இருப்பது. அதற்கு அவர் காட்டும் உதாரணம், 'ஆகாயப் பூ பழையதா, புதியதா?' என்று ஒருவன் கேட்பது. இல்லாத பூவைப் பற்றி எதைச் சொன்னாலும் தப்பு, ஆகவே சும்மா இருப்பதே விடை. உங்கள் கவிதை ஆகாயப் பூ இல்லை. என் மேசையில் பச்சைக் கோப்புக்கு அடியில், தமிழ்மொழி விழா அழைப்பிதழ்களோடு சேர்ந்து மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமும் நீங்கள் அதற்கு என்னென்ன அர்த்தம் எடுத்துக்கொண்டீர்களோ, ஒன்றும் நான் நினைத்ததல்ல. மன்னியுங்கள்.

புள்ளிகளை எடுங்கள். 'மௌனம்' மூன்றையும் எடுங்கள். கடைசியில் 'அம்மா, நீ ஒரு கடல்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கைப்பையோடு முடித்து அனுப்புங்கள். இந்தத் தடவை இரண்டு வாரத்தில் பதில் வரும். வராவிட்டால் அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டு நன்றாகத் திட்டுங்கள், வாய் திறந்து.