12 நிமிட நடை வீட்டையே எடுங்கள், தம்பி

எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 6 நிமிட நடையில் ஒரு வீடு, வழியில் மரமே இல்லை. இன்னொன்று 12 நிமிட நடை, ஆனால் வழிநெடுக மரம். வாடகை ஒன்றுதான், ஊரிலிருந்து அம்மாவும் வந்து தங்குவார், எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூரில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய அக்காவாகச் சொல்கிறேன், தூரமாக இருப்பதையே எடுங்கள்.

காரணம் இந்த ஊர் வெயில். பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம். பகல் ஒரு மணிவாக்கில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே வந்துவிடும். எவ்வளவு உயரமான அடுக்குமாடி புளோக்காக இருந்தாலும் அதன் நிழல் அப்போது குறுகிப்போய், பெரும்பாலும் நடைபாதை வரை எட்டாது. தலைக்கு மேல் விரிந்த கிளைதான் துணை. காற்றிலும் எப்போதும் ஈரம், வேர்வை காயவே காயாது. வெட்டவெளியில் அந்த 6 நிமிடம் நடந்தாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நிழலில் 12 நிமிடம் நடந்தாலும் அவ்வளவு களைப்புத் தெரியாது.

ஊரில் தூங்குமூஞ்சி மரம் என்போமே, அதுதான் இங்கே சாலைக்கு ராஜா. விமான நிலையத்திலிருந்து வரும்போது ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே ஓரத்தில் குடை விரித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை நேரத்திலும் அந்தியிலும் இலையை மடக்கிக்கொள்ளும். பெருங்கொன்றையும் நிறைய உண்டு. பூத்து உதிர்ந்தால் நடைபாதையே மஞ்சளாகிவிடும். இதெல்லாம் தானாக முளைத்ததில்லை. 1963-ல் பிரதமர் லீ குவான் இயூ ஒரு மரக்கன்று நட்டுத் தொடங்கிவைத்தார். 1967-ல் பூந்தோட்ட நகரம் என்பது அரசின் கொள்கையானது. 1971 முதல் நவம்பரில் மரம் நடும் நாள் வந்தது. சாலை போடும்போதே ஓரத்தில் மரத்துக்கென்று மண் விட்டு வைக்கிறார்கள். நடந்து போகிறவரின் தலையை நினைத்து ஒரு அரசு சாலை போட்டிருக்கிறது என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

சரி, எல்லாப் பேட்டையும் ஒன்றல்ல. குவீன்ஸ்டவுன், தோ பாயோ மாதிரிப் பழைய இடங்களில் மரங்கள் முதிர்ந்து நிற்கின்றன. தெங்கா மாதிரிப் புது இடங்களில் இன்னும் பல கன்றுகள்தான். அங்கெல்லாம் கூரை போட்ட நடைபாதை கைகொடுக்கும், மழைக்கு அதுதான் நல்லது. ஆனால் இலை நீரை ஆவியாக விட்டுச் சுற்றிலும் காற்றைத் தணிக்கிறதே, அந்தச் சுகம் கூரையடியில் கிடைக்காது.

கையெழுத்துப் போடுமுன் பகல் ஒரு மணிக்கு இரண்டு வழியிலும் நடந்து பாருங்கள். அம்மா நடுவில் உட்கார நிழலில் பெஞ்சு இருக்கிறதா, நடைபாதையில் வேர் எங்காவது மேடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், இங்கே பிற்பகலில் அடிக்கடி இடி இடிக்கும். மின்னல் வெட்டும்போது மரத்தடியில் ஒதுங்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள். பக்கத்து புளோக்கின் கீழ்த்தளம் திறந்தேதான் இருக்கும், அங்கே போய் நிற்கலாம்.