மன்னித்தாலும் நம்ப முடியவில்லையே!

கேள்வி: என் கணவருக்கு உடன் வேலை பார்க்கும் பெண்ணோடு ஒரு வருடமாகத் தொடர்பு இருந்தது வாட்ஸ்அப்பில் தெரியவந்தது. அழுது மன்னிப்புக் கேட்டார், அம்மன் சந்நிதியில் சத்தியமும் செய்தார். "பிள்ளைகளுக்காக மறந்துவிடும்மா" என்கிறார் மாமியார். என்னால் முடியவில்லை. அவர் தூங்கியபின் தினமும் போனை எடுத்துப் பார்க்கிறேன். அந்தப் பெண் மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா? இவரை மறுபடி நம்ப முடியுமா?
– பெயர் வேண்டாம், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வழக்குக்கு வழியில்லை, சகோதரி. கணவனின் கள்ளத்தொடர்புக்காக மூன்றாம் நபரிடம் நஷ்டஈடு கேட்கும் உரிமையைத் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2015-இல் நீக்கிவிட்டது.

முதலில் உடம்பைக் கவனியுங்கள். இருவரும் எச்.ஐ.வி., சிஃபிலிஸ் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு கிளினிக்கிலேயே செய்யலாம். புதிதாகத் தொற்றியிருந்தால் முதல் சோதனையில் தெரியாமல் போகும். அதனால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். அவருக்கு அந்தப் பெண்ணோடு கடைசியாக இருந்த நாளிலிருந்து கணக்கு. உங்களுக்கு அவரோடு ஆணுறை இல்லாமல் இருந்த கடைசி நாளிலிருந்து. அதுவரை ஆணுறை கட்டாயம். வெட்கப்பட்டு இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மன்னிப்பதா, எப்போது என்பது உங்கள் விருப்பம். மாமியாரோ வேறு யாரோ நாள் குறிக்க முடியாது. நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதிப்பது அவர் வேலை, அதற்குச் சத்தியம் மட்டும் போதாது. உறவு முடிந்தது என்று உங்கள் எதிரிலேயே அந்தப் பெண்ணுக்கு இரண்டு வரி எழுதி அனுப்பட்டும். வேறு பிரிவுக்கோ கிளைக்கோ மாற்றல் கேட்கட்டும். அதுவரை வேலையிடத்தில் அவளோடு பேச நேர்ந்தால், நீங்கள் கேட்காமலே அன்று மாலையே சொல்லட்டும்.

அவர் தூங்கும்போது போனைப் பார்ப்பதை நிறுத்துங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் 'அழித்திருப்பாரோ' என்று தோன்றும், தூக்கம்தான் கெடும். அவரே கடவுச்சொல்லைச் சொல்லி, விழித்திருக்கும்போது கையில் தரட்டும். வங்கிக் கணக்கையும் காட்டச் சொல்லுங்கள். திருமண ஒப்பந்தம் எழுதாமல் பதிவுத் திருமணம் செய்திருந்தால் உங்கள் சொத்தும் கடனும் பொதுவானவை. அவர் அங்கே செலவழித்த கிரெடிட் கார்டு கடனும் அதில் சேரும்.

பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுவது, உண்மையைத் தவணை முறையில் சொல்வதால்தான். இன்றைக்குப் பாதி, அடுத்த மாதம் மீதி என்று வரும்போது, பழைய காயத்தோடு 'இத்தனை நாளும் பொய் சொன்னாரே' என்ற புதுக் காயமும் சேர்கிறது. ஆகவே ஒரே தடவையில் முழுவதையும் கேளுங்கள்: எப்போது தொடங்கியது, எங்கே சந்தித்தார்கள், எவ்வளவு பணம் போனது, யாருக்கெல்லாம் தெரியும். படுக்கை விவரங்களைத் தோண்டாதீர்கள்; கேட்டுவிட்டால் அந்தக் காட்சிகள் மனதை விட்டுப் போகாது. அதன்பின் வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம், பிள்ளைகள் இல்லாத வேளையில் பேசுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாம்; களைப்பில் அது சண்டையாகத்தான் முடியும். கேள்விக்கு எரிந்து விழாமல், அதே கேள்வியை நீங்கள் பத்தாம் முறை கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். சத்தியத்தைவிட அதுதான் எனக்குப் பெரிய சான்று.

மனம் ஆற ஒன்றரை, இரண்டு வருடம் ஆவது சாதாரணம். நடுவில் திடீரென்று அழுகை வந்தால் பயப்படாதீர்கள். உறவினர் எல்லோரிடமும் சொல்லாமல், வாய்காக்கும் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்து ஆலோசனை பெற டர்பனில் ஃபாம்சா அமைப்பு இருக்கிறது. அவர் வர மறுத்தால் நீங்கள் தனியாகவே போங்கள்.