தியாகராஜர் பாட்டுக்கு யார் உரிமை கேட்பது?

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டிலேயே பாட்டு சொல்லித் தருகிறேன். தியாகராஜர் கீர்த்தனை ஒன்றை நான் பாட, மகள் வயலின் வாசிக்க, யூடியூபில் போட்டோம். மறுநாளே ஓர் இசை நிறுவனம் காப்பிரைட் கேட்பதாக மெயில். கரோக்கி வைத்துப் பாடிய சினிமாப் பாட்டுக்கும் அதே கதை. 'உரிமையை மீறும் எண்ணமில்லை' என்று கீழே எழுதித்தான் போட்டேன். சேனலை மூடிவிடுவார்களா?

பதில்: மாட்டார்கள். உங்களுக்கு வந்திருப்பது 'கிளைம்', அதாவது வீடியோவில் உள்ள பாட்டு தங்களுடையது என்ற உரிமைக் கோரல். உரிமை மீறலுக்காகச் சேனல்மீது விழும் 'ஸ்டிரைக்' வேறு, 90 நாளுக்குள் அது மூன்று சேர்ந்தால்தான் சேனலுக்கு ஆபத்து.

கீர்த்தனையில் நியாயம் முழுக்க உங்கள் பக்கம். தியாகராஜர் மறைந்தது 1847இல். நம் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, படைத்தவர் மறைந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை. அந்த நிறுவனத்துக்குச் சொந்தம் அது வெளியிட்ட ஒலிப்பதிவு மட்டுமே. ஆனால் யூடியூபில் பதிவுகளைத் தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் கன்டென்ட் ஐடி மெட்டையும் ஒப்பிடும். அதே ராகம், அதே சங்கதி (ஒரு வரியை மெருகேற்றிப் பாடும் விதம்) என்றால் எந்த வித்வானின் பதிவோடாவது உங்களைச் சேர்த்துவிடும். (பாராட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்!)

தயங்காமல் யூடியூபிலேயே டிஸ்ப்யூட் (ஆட்சேபம்) போடுங்கள். இயற்றியவர் யார், எந்த ஆண்டில் மறைந்தார், குரலும் வயலினும் யாருடையவை என்று நான்கு வரி போதும். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். சொல்லாவிட்டால் கிளைம் தானாக விலகிவிடும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: சிட்டைஸ்வரம் (பாட்டோடு சேர்த்துப் பாடும் ஸ்வர வரிசை) பிற்கால வித்வான் யாராவது சேர்த்ததா? அப்படியானால் அந்தப் பகுதிக்குத் தனி உரிமை இருக்கலாம். எல்லாக் கர்நாடகப் பாட்டும் பொதுச்சொத்து என்றும் நினைக்க வேண்டாம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். 2033 முடியும்வரை அவர் பாடல்களுக்கு உரிமை உண்டு.

சினிமாப் பாட்டை அப்படியே விட்டுவிடுங்கள். இணையத்தில் எல்லோரும் சொல்லும் 'ஃபேர் யூஸ்' (நியாயமான பயன்பாட்டுக்கு அனுமதி) அமெரிக்கச் சட்டத்தில் உள்ளது. நம் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனம், சொந்த உபயோகம், செய்தி போன்றவற்றுக்குத்தான் விலக்கு தருகிறது. முழுப் பாட்டையும் பாடி ஊருக்கே போட்டால் அது எதில் சேரும்? ஒரு வரியைப் பாடிக் காட்டி ராகத்தை அலசியிருந்தால் வாதாட இடமுண்டு. '10 விநாடி வரை பரவாயில்லை' என்பது வெறும் வதந்தி; இரண்டு சட்டத்திலும் அப்படிக் கணக்கு எதுவும் கிடையாது. கீழே எழுதிய மன்னிப்பு வாசகமும் உதவாது. பெரும்பாலும் வீடியோ இருக்கும், விளம்பரக் காசு மட்டும் அவர்களுக்குப் போகும். வீம்புக்கு டிஸ்ப்யூட், அப்பீல் என்று போய்த் தோற்றால்தான் நிஜமாகவே ஸ்டிரைக் வரும்.

அப்புறம், பாரதியார் பாடல்கள் இருக்கின்றனவே. 1949இல் அரசு உரிமையை வாங்கி, பிறகு மக்களுக்கே பொதுவாக்கிவிட்டது. சினிமாவில் வந்த மெட்டு மட்டும் வேண்டாம். மெட்டை நீங்களே போடுங்கள், மகளையும் வயலினோடு உட்காரவைத்து.