மலைமொழியில் வேதாகமம்: கேள்வி பதில்

பழங்குடி மொழிகளில் வேதாகம மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் பணியில் இருந்து, இப்போது பாம்பனில் வசிப்பவர் பதில் சொல்கிறார். ஒவ்வொரு கேள்விக்கு முன்னும் இருப்பது கேட்டவரின் ஊர்.

தங்கச்சிமடம்: எழுத்தே இல்லாத மொழியை எந்த எழுத்தில் அச்சிடுவது ஐயா?

பேசுகிறவர்களைத்தான் கேட்க வேண்டும். நம் தமிழுக்கும் இந்தப் பாடு இருந்தது. 1554இல் லிஸ்பனில் தமிழ் ஜெப நூலை ரோமன் எழுத்தில் அச்சடித்தார்கள். முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே வந்தது. நீலகிரிப் படகர்களின் மொழியில் நற்செய்தியை 1890இல் மங்களூர் பாசல் மிஷன் என்ற ஊழிய அமைப்பு கன்னட எழுத்தில் போட்டது. இன்று நீலகிரிப் பள்ளிகளில் பிள்ளைகள் படிப்பதோ தமிழும் ஆங்கிலமும். அச்சடிக்கும் முன் வாசிக்க வைத்துப் பாருங்கள்.

தொண்டி: தமிழ் எழுத்தே போதுமே?

சில மொழிகளுக்குப் போதும். ஆனால் pa, ba என்ற இரண்டு ஒலிக்கும் நமக்கு ‘ப’ ஒன்றுதான். வல்லொலி, மெல்லொலி மாறினால் பொருளே மாறும் மொழிக்காரர் அதை வைத்துத் தடுமாறுவார். புள்ளியோ கோடோ சேர்க்க வேண்டிவரும்.

தேவிபட்டினம்: தமிழைக் குறை சொல்கிறீர்களே!

அட, இல்லை தம்பி. ஆங்கில எழுத்துக்கும் இதே கதிதான். கனடாவில் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற மிஷனரி 1840இல் கிரீ என்ற பழங்குடி மொழிக்குப் புது அசையெழுத்தே உருவாக்கினார். அது ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வேகமாகப் பரவியது. 1862இல் கிரீ வேதாகமமே அந்த எழுத்தில் வந்துவிட்டது. எந்த எழுத்து உசத்தி என்ற சண்டை நமக்குள்தான். அவர்களுக்கு வாசிக்க வந்தால் சரி.

மண்டபம்: தமிழ் பைபிளைக் கணினியில் போட்டு மாற்றலாமா?

அந்த மொழியில் எழுதியதே இல்லாதபோது கணினி எதைப் படித்துக் கற்கும்?

வேதாளை: சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?

மூலத்தைப் பார்க்காத ஒருவர் அந்தப் பகுதியைத் தமிழில் திருப்பிச் சொல்வார். நாங்கள் மூலத்தோடு ஒப்பிடுவோம். அப்புறம் ஊராரிடம் வாசித்துக் காட்டி, யார் யாரிடம் சொன்னார், ஏன் கோபப்பட்டார் என்று கேட்போம். “புரிந்ததா?” என்று மட்டும் கேட்காதீர்கள். விருந்தாளி மனம் நோகக் கூடாதென்று எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டலை நம்பி அச்சடித்தால் புத்தகம் பரணில்தான் கிடக்கும்.

ஏர்வாடி: எத்தனை வருடம் ஆகும்?

புதிய ஏற்பாட்டுக்கே பத்து, பதினைந்து வருடம் ஆவது சாதாரணம்.

ஓரியூர்: 1693இல் எங்கள் ஊரில் உயிர்விட்ட அருளானந்தர் பற்றி?

அது என் துறை இல்லை. உங்கள் திருத்தலத்திலேயே கேளுங்கள்.

கீழக்கரை: ரோமன் எழுத்து வைத்தால் என்ன?

மறுபடியும் எழுத்தா! முதல் மூன்று பதிலையும் படியுங்கள்.

பாம்பன்: நாங்கள் இளைஞர் குழுவாக மலைக்குப் போய் உதவலாமா?

மொழி தெரியாமல் போய் என்ன செய்வீர்கள்? அங்கே முதியவர்களில் பலர் வாசிப்பவர்கள் அல்ல, காதால் கேட்பவர்கள். ஒலிப்பதிவுச் செலவுக்குப் பணம் அனுப்புங்கள்.