அம்மாவின் தூக்க மாத்திரையும் துபாய் பயணமும்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 62 வயது. அப்பா இறந்ததிலிருந்து தூக்கம் சரியில்லை, டாக்டர் எழுதிக் கொடுத்த அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் இரவில் ஒன்று என்று இரண்டு வருஷமாகப் போடுகிறார். துபாயில் இருக்கும் அக்காவுக்குப் பேறுகாலம், அடுத்த மாதம் கிளம்பி மூன்று மாதம் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். பழைய சீட்டைக் கொண்டுபோய் மார்த்தாண்டத்தில் 90 மாத்திரை கேட்டதற்குக் கடைக்காரர், "இது போதை மருந்துச் சட்டத்துல வர்ற மாத்திரை, இந்தச் சீட்டுக்குத் தர முடியாது" என்று சொல்லிவிட்டாராம். அம்மா வீட்டுக்கு வந்து "நான் என்ன கஞ்சா விக்கவாலே போறேன்?" என்று ஒரே அழுகை. மாத்திரையைக் கொண்டுபோகலாமா, பிடித்தால் கேஸ் ஆகுமா என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி, சும்மா தகவலுக்குப் போல: கறிமசாலா, கசகசா, இருமல் டானிக் எல்லாம் பெட்டியில் எடுத்து வைத்தாயிற்று.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் எனக்குப் பக்கென்றது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கடைக்காரர் விஷயம். நானும் வருஷக்கணக்கில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்றவன், அதனால் அவர் பக்கம் சாய்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, அவர் செய்தது சரி. வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மருந்துப் பெயர் பக்கத்தில் பொடி எழுத்தில் சிவப்பாக ‘ஆர்எக்ஸ்’ அல்லது ‘என்ஆர்எக்ஸ்’ என்று இருக்கும், சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு எச்சரிக்கையும் இருக்கும். அல்பிரசோலம் ‘ஷெட்யூல் எச்1’ பட்டியலில் உள்ள மருந்து. 1945-ம் வருட மருந்து விதிகளில் 2013-ல் சேர்த்த பட்டியல் அது, 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இதை விற்றால் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அது போக, திரும்பவும் கொடுக்கலாம் என்று டாக்டரே எழுதியிருந்தால் தவிர, ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து. இரண்டு வருஷம் பழைய, மடித்து மடித்து நடுவில் கிழிந்த சீட்டுக்கு 90 மாத்திரையை எடுத்து நீட்டினால் அடுத்த ஆய்வில் மாட்டுவது அவர்தான். ஆனால் அம்மாவிடம் சொன்ன தொனி சரியில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

சரி, அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். கஞ்சாவும் இந்த மாத்திரையும் ஒரே சட்டத்தில் எப்படி வந்தன? நாம் போதை என்றால் ஆள் தள்ளாடுகிறானா என்று பார்ப்போம். கடைக்காரர் சொன்ன போதை மருந்துச் சட்டம், அதாவது 1985-ம் வருட என்டிபிஎஸ் சட்டம், பட்டியலைப் பார்க்கும். அபின், கஞ்சா, கோகா செடிகளிலிருந்து வருபவையும் அவற்றை ஒட்டியவையும் ஒரு வகை, மனநிலையை மாற்றும் மருந்துகள் இன்னொரு வகை. ஐ.நா.வின் 1961, 1971 உடன்படிக்கைகளில் இருக்கும் பிரிவினைதான் இங்கேயும். அல்பிரசோலமும் டயசிபமும் இரண்டாவது வகை. டிரமடால் என்ற வலி மாத்திரை 2018 ஏப்ரலில்தான் உள்ளே வந்தது, அதுவரை வெறும் வலி மாத்திரை. கஞ்சாவிலும் செடி முழுவதையும் சட்டம் கஞ்சா என்று சொல்லவில்லை, பூக்கும் காய்க்கும் நுனிதான் கஞ்சா, அது சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே.

சாராயம், கள் இதில் வராது, அது மாநிலத்தின் கை. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். களியக்காவிளையைத் தாண்டிக் கேரளாவுக்குள் போனால் லைசென்ஸ் கடையில் உட்கார்ந்து கள் குடிக்கலாம், இந்தப் பக்கம் 1987-லிருந்து கள் இறக்கினாலே வழக்கு, பனையேறி அக்கானியோடு (பதநீர்) நிறுத்திக்கொள்ள வேண்டும். என்டிபிஎஸ் மத்திய சட்டம் என்பதால் அந்தப் பக்கத்துப் பாறசாலைக்கும் இந்தப் பக்கத்துக் களியக்காவிளைக்கும் ஒன்றுதான்.

பட்டியலில் பெயர் இருந்தால் அடுத்தது எடை. கஞ்சா 1 கிலோ வரை ‘சிறிய அளவு’, ஒரு வருஷம் வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் போனால் ‘வணிக அளவு’, குறைந்தது பத்து வருஷம், ஜாமீனும் லேசில் கிடைக்காது. ஹெராயினுக்கு இதே கோடுகள் 5 கிராம், 250 கிராம். அல்பிரசோலத்துக்கு 5 கிராம், 100 கிராம். இங்கேதான் பலர் ஏமாறுவது. 90 மாத்திரையில் இருக்கும் மருந்தைக் கூட்டினால் 22.5 மில்லிகிராம், ஒரு சிட்டிகைகூட வராது. ஆனால் கலந்திருக்கும் மாவையும் சேர்த்து மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. ஒரு மாத்திரை 100 மில்லிகிராம் என்று வைத்தால் 90 மாத்திரை 9 கிராம். அதாவது சிறிய அளவைத் தாண்டியாயிற்று, பத்து வருஷம் வரை தண்டனை கொடுக்கக்கூடிய இடத்துக்கு வந்தாயிற்று.

பயப்படாதீர்கள் தம்பி, இந்தக் கணக்கெல்லாம் உரிய சீட்டு இல்லாதவருக்கு. டாக்டர் சீட்டோடு, சொந்த சிகிச்சைக்காக வைத்திருப்பது குற்றமே இல்லை. என்டிபிஎஸ் விதி 66 ஒருவர் தன் சிகிச்சைக்காக ஒரு நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்திருக்க அனுமதிக்கிறது, நீண்ட நாள் சிகிச்சை என்று டாக்டர் குறிப்பிட்டு எழுதினால் அதற்கு மேலும் வைத்திருக்கலாம். அம்மாவுக்குத் தேவை 90, வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆகவே டாக்டரைப் போய்ப் பார்த்து, பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே பெயரில் புதுச் சீட்டு வாங்குங்கள் (வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம், இதில்தான் நம் ஆட்கள் சொதப்புவார்கள்). மருந்தின் வேதிப்பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளைக்கு என்று தெளிவாக இருக்கட்டும். லெட்டர்ஹெட்டில் என்ன நோய்க்கு என்று ஒரு கடிதமும் கேளுங்கள். பில்லைத் தூக்கிப் போட வேண்டாம், மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடவும் வேண்டாம். இரண்டு வருஷமாகிவிட்டதே, தொடர வேண்டுமா, மெல்லக் குறைக்கலாமா என்றும் அப்படியே கேட்டுவிடுங்கள். ஆனால் அழுகையில் அம்மா தானாக ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது, பழகிய உடம்பு, வலிப்புகூட வரலாம்.

இவ்வளவும் இந்தியச் சட்டம். விமானம் துபாயில் இறங்கியதும் அமீரகச் சட்டம், நம் ஊர்ச் சீட்டு மட்டும் அங்கே போதாது. இந்த வகை மருந்துகளுக்கு அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், சீட்டும் டாக்டர் கடிதமும் பாஸ்போர்ட் நகலும் கேட்பார்கள். அக்காவையே அங்கிருந்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், எத்தனை நாளைக்கு அனுமதி கிடைக்கிறதோ அத்தனை மாத்திரை மட்டும் கொண்டுபோனால் போதும். அனுமதி கைக்கு வராமல் அம்மாவை விமானம் ஏற்றாதீர்கள். மிச்சத்தைப் பிறகு ஊரிலிருந்து போகிற யாரிடமாவது பொதியில் வைத்துக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். கையில் சரக்கு இருந்தால் தெரிந்துதான் வைத்திருந்தார் என்று நம் சட்டமே எடுத்துக்கொள்ளும், தெரியாது என்று நிரூபிக்கும் பாடு கொண்டுபோன அந்த அப்பாவியின் தலையில்.

இனி அந்தப் பெட்டி. இருமல் டானிக் பாட்டிலில் கோடீன் என்று இருந்தால் வெளியே எடுங்கள், அங்கே அது கட்டுப்பாட்டு மருந்து. கசகசா என்பது அபின் செடியின் விதை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் வாங்கிப் பயிரிடும் செடி, விதையை நம் சட்டம் விலக்கி வைத்திருப்பதால் மளிகைக் கடையில் மிளகோடு மிளகாகக் கிடைக்கிறது. அமீரகத்திலும் சவுதியிலும் அதற்குத் தடை. மாத்திரைக்காவது கடிதம் காட்டலாம், கசகசாவுக்கு எந்த டாக்டர் கடிதம் தருவார்? கறிமசாலாவும் வீட்டில் அரைத்ததென்றால் அதில் கசகசா சேர்த்தீர்களா என்று அம்மாவிடம் கேளுங்கள், சேர்த்திருந்தால் அதுவும் வேண்டாம். அக்கா வீட்டில் குழம்பு கெட்டியாக முந்திரிப்பருப்பை அரைத்து ஊற்றிக்கொள்ளட்டும்.