விண்டோஸ் 10 ஓடும் டிடிபி கடை: லினக்ஸுக்கு மாறினால் தொழில் நடக்குமா?

கேட்டிருப்பவர் காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) கடைக்காரர். இரண்டு கணினியிலும் விண்டோஸ் 10. விண்டோஸ் 11 போட்டால் ஏறவில்லை. புதுசு வாங்காமல், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்துக்குப் போகலாமா என்கிறார்.

எனக்கும் தேவகோட்டையில் இதே தொழில்தான். நடக்கும். ஆனால் முதலில் ஒரு கணினியை மட்டும் மாற்றுங்கள்.

விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு கைகழுவிவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்கிறதா என்று கேட்கும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்பை ஏற்காது. அதே பெட்டியில் லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மிண்ட் 22 தாராளமாக ஓடும். 4 ஜிபி ராம் போதும். 8 இருந்தால் நிம்மதி. மிண்ட் 22-க்கு 2029 வரை புதுப்பிப்பும் உண்டு. விண்டோஸில் பழகிய கைக்கு ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் எல்லாம் போட்ட இடத்திலேயே இருக்கும்.

நம் தொழிலில் சிக்கல் வேறு இடத்தில். கடையின் சொத்தே, பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் செய்த கோப்புகள்தானே? நகரத்தார் வீட்டுப் பத்திரிகையில் பெயருக்கு முன் நிற்கும் விலாசம் (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்), எந்தக் கோவிலைச் சேர்ந்த குடும்பம் என்று சொல்லும் 'மாத்தூர் கோவில் உறையூர் பிரிவு' என்கிற வரி, ஐயா அப்பத்தா பெயர் எல்லாவற்றையும் அந்த வீட்டு மூத்த பிள்ளை கல்யாணத்துக்கு அடித்த கோப்பிலிருந்துதான் எடுக்கிறோம். விலாசத்தில் ஒரு புள்ளி மாறினால் ஆச்சி கடைக்கே வந்துவிடுவார். அந்தக் கோப்புகளோ பாமினி மாதிரி எழுத்துருவில் கிடக்கின்றன. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்த சங்கதி அது.

எழுத்துருக் கோப்பை மிண்டில் இரட்டைக் கிளிக் செய்து நிறுவலாம். அது பிரச்சினையே இல்லை. பேஜ்மேக்கர்தான் லினக்ஸுக்கு வந்ததில்லை. 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு அடோபியும் அதை நிறுத்திவிட்டது. லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெஆபீஸ் டிரா பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். வாசகத்தை எடுக்க அது போதும், வடிவமைப்பு அப்படியே வரும் என்று நம்ப வேண்டாம்.

நான் செய்திருப்பது இது: மிண்டில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு, உள்ளே உரிமம் உள்ள பழைய விண்டோஸும் பேஜ்மேக்கரும். அந்த விண்டோஸுக்கு இணையத் தொடர்பு கிடையாது, கோப்பு பரிமாறப் பொது ஃபோல்டர் மட்டும். உள்ளே பிடிஎஃப் ஆக்கி, வெளியே மிண்டிலிருந்து பிரின்ட் கொடுக்கிறேன். பழைய வேலை அங்கே, புது வேலை யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு), ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளில். ஸ்கிரைபஸ் 1.6 பதிப்பையே போடுங்கள். பழைய 1.4-இல் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

பாமினியை யூனிகோடாக்கும் இணையக் கருவிகள் நிறைய உண்டு. வாசகம் நன்றாகவே மாறும். நடுவில் ஆங்கிலத்தில் இருக்கும் மாப்பிள்ளையின் பட்டத்தையும் சேர்த்துத் தமிழாக்கி, வாயில் நுழையாத ஒன்றாக்கிவிடும். பட்டம், மின்னஞ்சல், மண்டபத்தின் ஆங்கிலப் பெயர் மூன்றையும் கட்டாயம் கண்ணால் பாருங்கள்.

தட்டச்சு பற்றிப் பயம் வேண்டாம். ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும், பழைய டைப்ரைட்டர் வரிசையும் வரும். டைப்ரைட்டிங்கில் ஹையர் தேர்வு முடித்துவிட்டு வேலைக்கு வந்த பெண்ணை மறுபடி எழுத்துப் படிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்குக்கு டாலி வைத்திருந்தால், அது விண்டோஸுக்கு மட்டுமே. கோரல்டிராவும் போட்டோஷாப்பும் லினக்ஸுக்குக் கிடைப்பதில்லை. அவற்றுக்குப் பதிலாக லினக்ஸில் இருக்கும் இன்க்ஸ்கேப், கிம்ப் பழக மனமில்லை என்றால் அந்த ஒரு கணினியை விண்டோஸிலேயே விட்டுவிட்டு, முடிகிறபோது 11 ஏற்கும் பெட்டியாக மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் லினக்ஸில்தான் செய்வேன் என்று வீம்பு பிடித்தால் முகூர்த்த மாசத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடைசியாக பிரின்டர். எச்பி மாடல்கள் பலவற்றுக்கு எச்பிலிப் டிரைவர் இருக்கிறது, சிரமமில்லை. சில பழைய லேசர் பிரின்டர்கள் தங்கள் கம்பெனியின் தனி மொழியை மட்டுமே பேசும், அவைதான் உயிரை வாங்கும். வட்டைத் தொடும் முன் மிண்டை பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து துவக்கி, ஒரு பத்திரிகை பிடிஎஃப்பை உங்கள் பிரின்டரில் அடித்துப் பாருங்கள். விளிம்பும் அளவும் சரியாக விழுந்தால், கோப்புகளை வெளி வட்டில் பிரதி எடுத்துவிட்டு நிறுவலாம்.